நடிகை தாங்கிய பாரம்: அல்சூரை முன்வைத்து சிகரெட் அட்டையின் விறைப்பு குறித்து ஓர் ஆய்வு

விக்டோரியா காலத்து நடிகைகள் சிகரெட் உறைக்குள் குடியேறியது அழகைக் காட்டத்தான் என்று அறிஞர் முதல் சேகரிப்பாளர் வரை நம்புகிறார்கள். தவறு. அவர்கள் வந்தது முட்டுக்கொடுக்க. அன்றைய உறை மெல்லிய காகிதம். உள்ளே தடித்த அட்டை ஒன்றைச் செருகாவிட்டால் சட்டைப்பையில் சிகரெட் நசுங்கித் தூளாகும். அந்த வெற்று அட்டையில் படம் அச்சிட்டு வழிகாட்டியது வர்ஜீனியாவின் ஆலன் அண்ட் கின்டர். லில்லி லாங்ட்ரி போன்ற மேடைத் தாரகைகள் இப்படித்தான் கட்டுமானப் பணிக்கு வந்துசேர்ந்தார்கள்.

இதை உரசிப் பார்க்க பெங்களூரின் அல்சூர் தோதான இடம். 1809இல் கண்டோன்மென்ட் உருவான பின், தம்பிகள் என்று பெயரெடுத்த படைப் பொறியாளர்களான மதராஸ் சாப்பர்கள் ஏரியருகே நிலைகொண்டார்கள். சுற்றிலும் வெள்ளைப் பட்டாளம். இந்தியாவிலிருந்த அந்த வெள்ளைச் சிப்பாய்களைக் குறிவைத்து வில்ஸ் நிறுவனம் விற்ற சிசர்ஸ் சிகரெட்டில் நடிகை வரிசைகள் பல வந்தன. கவாத்தும் குதிரையேற்றமும் இறுக்கிய இடைவாரும் உள்ள ஊரில் விறைப்புக்குத் தேவை அதிகம் என்பது வெளிப்படை. 1912இல் அதே சிசர்ஸ் இந்தியப் படைப்பிரிவுகள் வரிசையை வெளியிட்டது. கவுன் அணிந்த பெண் நின்ற இடத்தில் மீசை முறுக்கிய சிப்பாய். அட்டைக்கோ அதே வேலை. படம் மாறலாம், தடிமன் மாறக்கூடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? (அதே 1912இல் சாப்பர்கள் இங்கே உருவாக்கிய பெங்களூர் டார்பிடோவும் குழாயில் வெடிமருந்தைக் கெட்டித்துக் கொளுத்தும் சங்கதிதான். உறவுமுறை தனி ஆய்வுக்குரியது.)

விறைப்புதான் நோக்கமென்றால் வெற்று அட்டை போதாதா என்பார்கள். போதும், ஆனால் வெற்று அட்டை குப்பைக்குப் போகும், வரிசையில் விட்டுப்போன நடிகையோ அடுத்த உறையை வாங்க வைப்பாள். பின்னாளில் கெட்டி அட்டைப்பெட்டி வந்தும் படங்கள் நீடித்தனவே என்று கேட்பது இன்னும் கூர்மையான ஆட்சேபம். பதவி போனபின்பும் அரசு வீட்டைக் காலி செய்யாத அதிகாரியைப் பார்த்தவர்களுக்கு இது புதிராக இராது. எல்லாவற்றையும்விட வலுவான சான்று பீடி. இலையை இறுகச் சுருட்டி, நூல் சுற்றி, கட்டாகக் கட்டிவிடுவதால் பீடி தனக்குத் தானே முட்டு. ஆகவே கட்டுக்குள் நடிகை எவரும் இல்லை. கட்டின் மேல் லேபிளில் படம் இருக்கிறதே என்று சிலர் விடமாட்டார்கள். அது வெளியே ஒட்டியது, எந்தப் பாரத்தையும் தாங்குவதில்லை. ஆகவே இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.