செருப்பு மாத்துனா காலையும் மாத்தணுமாலே?

ஏலே பேராண்டி, வா, திண்ணையில உக்காரு. புதுப் போனு வாங்கப் போறியாமே? உங்க அம்மை சொன்னா. மூஞ்சியப் பாத்தா பொண்ணு பாக்கக் கிளம்புனவன் மாதிரில்லா இருக்கு! வாங்கு, வாங்கு. துட்டு உன்னுது. நான் என்ன குறுக்க படுத்தா மறிக்கப் போறேன்?

நேத்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குள்ள நுழைஞ்சியே, அந்தப் பய சொன்னதத் திருப்பிச் சொல்லு. புதுப் போனுக்குப் புது சிம்மு, புது நம்பரு, புது பிளானு போட்டாத்தான் 5ஜி ஓடும்னானா? நீயும் பூம்பூம் மாடு கணக்கா மண்டைய ஆட்டிட்டு வந்துட்ட. ஏலே, புதுச் செருப்பு வாங்குதவன் காலையுமா சேத்து மாத்துவான்?

போனு வேற, நம்பரு வேற. சிம்ம இதுல கழட்டு, அதுல மாட்டு. சோலி முடிஞ்சுது. ரீசார்ஜ்ல மிச்சம் கிடக்க நாளும் கூடவே வந்துரும். பிளானு நம்பருக்குத்தான போட்டிருக்கு, கண்ணாடிக்கா போட்டிருக்கு? 2022 அக்டோபர்ல இந்தியாவுல 5ஜி ஆரம்பிச்சப்பவே, 4ஜி சிம்மே போதும்னு ஜியோக்காரனும் ஏர்டெல்காரனும் சொல்லிட்டாவ. உன் பிளான்ல 5ஜி உண்டா, நம்மூர் டவர்ல உண்டா, இந்த ரெண்ட மட்டும் விசாரி. டவர்ல இல்லாதது போன்ல எப்படிலே வரும்?

மேலத்தெரு வாத்தியார் மக லண்டன்ல இருக்கால்லா. அங்க கம்பெனிக்காரனே போனைக் கையில குடுத்து, 24 மாசத்துக்கு மூக்கணாங்கயிறு போட்டுருவானாம். கெடு முடியுத மாசம், “புதுசு தாரேன், மறுபடியும் மூக்கக் காட்டு”ம்பானாம். அவ வெவரமான புள்ள. காட்ட மாட்டேன்னுட்டா. பழைய போனையே வச்சுக்கிட்டு சிம்முக்கு மட்டும் துட்டு கட்டுதா.

நமக்கு இங்க அந்தக் கயிறு கிடையாது. பெரும்பாலும் ரீசார்ஜ்தான, பிடிக்கலன்னா மறுமாசம் போடாத. அவுத்து விட்ட மாடுலே நீ! அது தானாப் போயி அடுத்தவன் தொழுவத்துல தலைய விட்டா யாரு என்ன செய்ய?

அந்தத் தொழுவத்துக்குப் பேருதான் வட்டியில்லாத் தவணை. போனு 24,000 ரூவா. மாசம் 2,000, 12 மாசம். வட்டியே இல்லங்கான். ரொக்கமா வச்சா எவ்வளவு கொறப்பேன்னு கேட்டியா? கேக்கல. கேட்டுப் பாரு. கொறைக்கேன்னு சொல்லுதாம்லா, அதாம்லே வட்டி. அப்புறம் பிராசசிங் பீஸ்னு ஒண்ணு கறப்பான். கிரெடிட் கார்டுன்னா வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டின்னு பில்லுல வந்து நிக்கும். இல்லாத வட்டிக்கு எதுக்குலே வரி? வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லியாச்சு. நம்ம ஊரு கந்துவட்டிக்காரன் எவ்வளவோ மேல். வட்டியை வட்டின்னே சொல்லுவான்.

சரி, பழசுக்கு என்ன நோவு? மெதுவா இருக்கு, சார்ஜ் நிக்கல. மெதுவா இல்லாம என்ன செய்யும்? உங்க அத்தை மூணு வருசமா அனுப்புன காலை வணக்கம் அத்தனையும் உள்ள கிடக்கு. அதை அள்ளிக் கொட்டுனியா? பேட்டரிய மாத்துனா என்ன ஆகும்னு கேட்டியா? புதுசுல கேமரா 200 மெகாபிக்சலாம். அதுல எடுக்கப் போறது என்ன? பரோட்டாக் கடை சால்னா. தண்ணிக்குள்ள விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதாம். நம்ம கம்மாயில தண்ணி எங்கலே கிடக்கு?

நம்பரை மட்டும் விட்டுராத. பேங்கு, ஆதார், கேஸ் எல்லாம் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொங்குது. கம்பெனி பிடிக்கலன்னா கம்பெனிய மாத்து. 2011 ஜனவரியிலேருந்து நாடு பூரா அதுக்கு வழி இருக்கு. ‘போர்ட்’னு அடிச்சு நம்பரையும் போட்டு 1900க்கு ஒரு மெசேஜ் தட்டுனா சங்கேத எழுத்து எட்டு வரும். நான் ரெண்டு தடவ மாறிட்டேன். நம்பரு அதேதான். வர்ற போனுக்கும் துட்டு பிடிச்ச காலத்துலயே மிஸ்டு கால் குடுத்து உங்க சித்தப்பன் கல்யாணத்தப் பேசி முடிச்சவன்லே நான். வருசத்துக்குப் பன்னெண்டு மாசம்னு பஞ்சாங்கம் சொல்லும். 28 நாள் கணக்குல 13 தடவ ரீசார்ஜ் போட வச்சு, எனக்கே பதிமூணாவது மாசத்தக் காட்டுனாவ. 30 நாள் பிளானு ஒண்ணாவது வச்சே ஆகணும்னு, போன் கம்பெனிகள மேய்க்குத டிராய் 2022ல உத்தரவு போட்டிருக்கு. கேட்டாத்தான் அதை எடுத்து வைப்பான்.

இன்னொண்ணு. 5ஜிக்கு மாத்தித் தாரேன், சிம்முல இருக்க 20 இலக்க நம்பரை வாசிங்கன்னு எவனாச்சும் போன் பண்ணுனா, வாசிக்காத. வச்சுரு.

அப்புறம்... அந்தப் பழைய போனு. பிளாஸ்டிக் வாளிக்குப் போன் எடுக்கவன் தெருவுல வருவாம். அவங்கிட்ட குடுத்துராத. உன் போட்டோ, பேங்குக் கணக்கு எல்லாம் வாளிக்காரங்கூடயா போகணும்? நல்லாத் தொடச்சு அழிச்சு, இங்க கொண்டா. என் பட்டன் போன்ல அஞ்சாம் நம்பரு தேஞ்சு போச்சு. என்ன சிரிக்க? எழுத்து பெருசாத் தெரியும்னுதான் கேக்கேன்.

சிம்மு இருக்கு. பெரிய சைசு. அது உன் போனுக்குள்ள நுழையாது. கத்தரிக்கோலால வெட்டலாம்பாவ, வேண்டாம். ஆதார் அட்டையோட போனா அதே நம்பருக்குச் சின்ன சிம்மு குடுப்பாவ. மாத்துன பிறகு ஒருநாள் மெசேஜ் வராது, பேங்கு ஓடிபியும் வராது. அதனாலதான் நேத்தே பென்சன் துட்ட எடுத்து வச்சுட்டேன். வண்டிய வெளிய எடு, வெயிலுக்கு முன்னாடி போயிட்டு வந்துருவோம்.