பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்

வாடகை வீட்டுக்குக் குடிவருகிறவருக்குச் சாவியோடு சில சொத்துகளும் சேர்ந்தே வருகின்றன: சுவரில் யாரோ அடித்த ஆணிகள், சரியாகச் சாத்தாத ஜன்னல் ஒன்று, முன்பு குடியிருந்தவரின் தபால். ஆணியையும் ஜன்னலையும் எல்லோரும் ஒரே மாதிரிதான் அனுபவிக்கிறார்கள். தபாலில்தான் மனிதர்கள் பிரிகிறார்கள். கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டே, “அப்படி யாரும் இங்க இல்லீங்க” என்று சொல்லி அனுப்புகிறவர் ஒரு ரகம். “குடுப்பா, நான் வாங்கி வெச்சுக்கறேன்” என்று கையை நீட்டுகிறவர் இன்னொரு ரகம். தெருவில் முன்னவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பின்னவருக்குத் தங்கமான மனுஷன் என்று பெயர். இரண்டு பெயரும் ஆள் மாறி ஒட்டப்பட்டிருக்கின்றன என்பது என் கட்சி.

தங்கமான மனுஷரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பழைய எண், புதிய எண் என்று சென்னைக்கே உரிய இரட்டைக் கதவிலக்கம் உள்ள வீடு. ஃபிரிட்ஜின் தலையில், ஸ்டெபிலைசருக்குப் பக்கத்தில், ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்று. அதற்குள் மூன்று வருடத் தபால். ஒன்றைக்கூட அவர் பிரித்ததில்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது பாவம். உறையைப் பார்ப்பது பாவத்தில் சேராது அல்லவா? ஜன்னல் வைத்த உறையைக் கீழ்ப்பக்கமாக இரண்டு தட்டுத் தட்டினால் உள்ளே இருக்கும் தாள் அரை அங்குலம் இறங்கும். பெயருக்கு மேலே உள்ள வரி தெரியும். டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் தொகையில் இரண்டு இலக்கம் தெரியும். இப்படியே, முகம் தெரியாத ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அவர் முக்கால்வாசி முடித்துவிட்டார். மூன்று மியூச்சுவல் ஃபண்ட், ஒரு டூவீலர் கடன், பழைய மாணவர் சங்கத்தில் ஆயுள் சந்தா. திருமணத் தகவல் மையத்தின் உறைகள் சட்டென்று நின்றபோது, “நம்மாளுக்குப் பொண்ணு அமைஞ்சிடுச்சு போல” என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். மார்ச்சில் வரவேண்டிய எல்.ஐ.சி. நோட்டீஸ் ஏப்ரலாகியும் வரவில்லையென்றால் தூக்கம் கெடுகிறது. தன்னுடைய பாலிசி எந்த மாதம் என்று கேட்டால் மட்டும் உள்ளே திரும்பி, “ஏம்மா?” என்பார்.

தபால்காரர் அனுபவசாலி. “சார், அவரு காலி பண்ணி மூணு வருஷமாச்சு. லெஃப்ட்டுன்னு எழுதி ரிட்டர்ன் பண்ணிடவா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். “ஏம்ப்பா, பாவம். என்னிக்காவது வருவாரு” என்பது பதில். இந்தப் பாவத்தில்தான் கோளாறு. உறையின் மேல் எழுதப்படும் அந்த ‘லெஃப்ட்’, அனுப்பியவருக்குப் போகும் பதில் கடிதம்: ஆள் இங்கே இல்லை, வேறு வழி பார். வாங்கி வைத்துக்கொண்டால் போகிற சேதி நேர்மாறு. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு வருகின்றன. வாங்க ஆளில்லாவிட்டால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கே திரும்பிவிடும், உரியவர் முகவரியைச் சரிசெய்து மீண்டும் வரவழைத்துக்கொள்ளலாம். நம்மவர் கையெழுத்துப் போட்டு வாங்கினாலோ, கணினியில் ‘டெலிவர்டு’ என்று விழுந்துவிடும். விரைவு அஞ்சல் வழக்கமாக முகவரியைப் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. அதற்கப்புறம் உரியவர் கவுன்ட்டரில் நின்று, “எனக்கு வரலைங்க” என்பார். “வந்துடுச்சுன்னு காட்டுதே” என்பார்கள். அந்த அட்டை ஃபிரிட்ஜின் தலையில் கதகதப்பாகப் படுத்திருக்கும். சிடுமூஞ்சியின் வீட்டு வாசலில் இந்தக் கதை ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும்.

பங்கு வைத்திருப்பவர் என்றால் சங்கடம் இன்னும் பெரிது. தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்டை வாங்காமல் விட்டால் அந்தப் பணத்தோடு பங்குகளும் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். மூன்று மாதம் முன்னதாகக் கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் போட வேண்டும் என்பது விதி. போடுகிறது, தன்னிடம் உள்ள கடைசி முகவரிக்கு. கடைசி முகவரி கட்டைப்பை. போன பங்கை விண்ணப்பித்து மீட்கலாம். மீட்டவர்களைக் கேட்டால் அந்தப் படலத்தை விரிவாகச் சொல்வார்கள். சட்ட நோட்டீஸ் கதை வேறு. சரியான முகவரியிட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பியது சேர்ந்ததாகவே கொள்ளப்படும், இல்லையென்றால் நிரூபி என்கிறது 1897-ஆம் ஆண்டின் ஜெனரல் கிளாசஸ் சட்டம். நிரூபிக்கக் கிளம்புகிறவருக்கு ‘லெஃப்ட்’ என்று எழுதிய உறை கைகொடுக்கும். நம்மவரின் அழகான கையெழுத்து காலை வாரிவிடும்.

இந்தக் காலத்தில் யார் தபால் போடுகிறார்கள், எல்லாம் போனில்தானே என்று கேட்கலாம். நலம் விசாரிப்புதான் போனுக்குப் போயிருக்கிறது. வங்கி அட்டை, பான் அட்டை, பாஸ்போர்ட் என்று தொலைந்தால் அலைய வேண்டியவையெல்லாம் இன்னும் காகிதமாகவோ பிளாஸ்டிக்காகவோ வாசலுக்குத்தான் வருகின்றன. திருப்பினாலும் மறுபடி மறுபடி வருகிறதே என்பது நியாயமான புகார். விளம்பரக் கட்டுகளைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். அவற்றைக் குப்பையில் போட்டால் யார் குடியும் முழுகாது. போனவரல்லவா தபாலாபீஸில் புது முகவரியை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்? ஆமாம். ஆனால் வீடு மாறுகிற நாளில் பால் காய்ச்சவும் கேஸ் மாற்றவும் அட்வான்ஸில் பெயின்ட் அடித்த காசைப் பிடிக்காமல் வாங்கவுமே பொழுது சரியாகிவிடுகிறது. புது முகவரியை அவர் ஒரே ஒருவரிடம்தான் சொல்லிவிட்டுப் போகிறார்: தெருமுனை இஸ்திரிக்காரரிடம். கடைசியாகத் தேய்க்கப் போட்ட நான்கு சட்டை அவரிடம் இருந்ததே! நம்மவர் இருபது தப்படி நடந்து கேட்டால், பிரிக்காத கடிதத்தில் பழைய முகவரியை அடித்துப் புதியதை எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிடலாம். கேட்கமாட்டார். எழுதிவிட்டால் கடிதம் போய்விடும். கடிதம் போனால் பதவி போய்விடும்.

கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் என் வாதம் கொஞ்சம் தடுமாறுகிறது. நான்கு முனையிலும் மஞ்சள் தடவிய உறையைத் திருப்பி அனுப்ப எந்தச் சிடுமூஞ்சிக்கும் கை வராது. அது கட்டைப்பைக்குப் போகாமல் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஏறிவிடும். கருமாதிப் பத்திரிகை இதைவிடத் தொல்லை. அதைப் படித்ததும் கிழித்துப் போட வேண்டும், வீட்டில் வைக்கக்கூடாது. படிக்க வேண்டியவர் இல்லை. கிழிக்க இவருக்கு உரிமையில்லை. ஆகவே அது வாசலுக்கு வெளியே, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் செருகப்பட்டு, ரீடிங் எடுக்க வருகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

என்றாவது அவர் வந்துவிட்டால் என்ன சொல்வீர்கள் என்று கடைசியாக ஒரு கேள்வி வரும். வருகிறார்கள், அபூர்வமாக வரத்தான் செய்கிறார்கள். அன்றைக்கு நம்மவர் வீட்டில் தீபாவளி. காபி வருகிறது, கட்டைப்பை இறங்குகிறது, உறைகள் வருடவாரியாக மேசையில் பரப்பப்படுகின்றன. வந்தவர் ஒவ்வொன்றாகப் புரட்டுகிறார். “இது மெயில்லயே வந்துடுச்சு சார். இந்த அக்கவுன்ட்டை க்ளோஸ் பண்ணிட்டேன். அடடா, இந்தக் கார்டுக்குத்தான் டூப்ளிகேட் வாங்க நாலு மாசம் அலைஞ்சேன்.” சாமி படத்துப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்கிறார், அந்தத் தம்பதியின் குழந்தை எல்.கே.ஜி. போகிறதாம். பழைய மாணவர் சங்க மலரை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்து, “மத்ததையெல்லாம் கிழிச்சுப் போட்டுடுங்க சார்” என்று செருப்பை மாட்டுகிறார். நம்மவர் தலையாட்டுகிறார். லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்ட பிறகு, உறைகளை மறுபடி வருடவாரியாக அடுக்கிப் பைக்குள் வைக்கிறார். இந்தத் தடவை ஃபிரிட்ஜின் மேல் இல்லை, லாஃப்ட்டில். அங்கே இன்னும் பத்திரம்.