முனகல் வள்ளல்

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு விழாவும் உண்டு. வன்பரணர் பாடிய ஓரி, காட்டில் பாணர்கள் ‘கோவே’ என்று விளித்ததும் வெட்கப்பட்டுப்போய், மான்கறியும் மதுவும் கொடுத்து, கூடவே பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுத்தவன். அவன் ஆண்ட கொல்லிமலையில்தான் நம்மவரும் இருக்கிறார். இவரும் கொடுப்பவர்தான். வெட்கம்தான் கிடையாது, அந்த இடத்தில் முனகல்.

“அண்ணா, ஊருக்குப் போறேனுங்க, ஒரு பலாப்பழம் கிடைக்குங்களா?”

முதலில் மரத்தைப் பார்ப்பார். பிறகு வானத்தை. “பறிச்சுக்க. வேண்டாம்னா மட்டும் விட்டுட்டா போகப்போறே?” நாம் கீழே தொங்குகிற சின்னப் பழத்தில் கை வைத்தால் அதற்கும் கோபம் வரும். “அதை மாடுகூடத் திங்காது!” அவரே ஏறி, இருப்பதிலேயே பெரிய பழத்தைக் கயிறு கட்டி இறக்குவார். பால் ஒட்டாமல் இருக்கக் கத்தியில் எண்ணெய் தடவி, காம்பை நறுக்கி, சாக்கில் போட்டு, தம் தோளிலேயே சுமந்து பஸ் வரைக்கும் வருவார். வழியெல்லாம் நாமக்கல்லில் பழம் என்ன விலை விற்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் கண்டக்டரிடம், “எழுபது கொண்டை ஊசி வளைவு இருக்கு, உருளாமப் பாத்துக்கப்பா” என்பார். நம்மிடம் திரும்பி, “உருண்டா என்னைக் கேக்காதே.”

பைக் இரவல் கேட்டால் ஒவ்வொரு கீறலுக்கும் தலபுராணம் சொல்லாமல் சாவி வராது. “பெட்ரோல் நீ எங்கே போடப்போறே!” வண்டியை எடுத்தபின் பார்த்தால் டேங்க் நிறைந்திருக்கும்.

கோயில் வசூலுக்கு வந்தவர்களுக்குப் போன வருசக் கணக்கை ஒப்பிக்காமல் விடுதலை இல்லை. பந்தலுக்கு இவ்வளவா, மைக்செட்டுக்கு இவ்வளவா என்று வறுத்தெடுத்துவிட்டு, மற்றவர்கள் நூற்றொன்று எழுதிய நோட்டில் ஐநூற்றொன்று எழுதுவார். “நோட்டீஸ்ல பேரு போட்டுடாதீங்க. போட்டா அடுத்த வருசமும் வந்து நிப்பீங்க.” போடமாட்டார்கள். அடுத்த வருசமும் வந்து நிற்பார்கள்.

பக்கத்துத் தோட்டக்காரர் தங்கமான மனுசர். எது கேட்டாலும் முகம் மலர்ந்து, “உங்களுக்கு இல்லாததா!” என்பார். அவரிடமிருந்து ஒரு கொத்து மிளகாவது கீழே இறங்கியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊரும் விவரமான ஊர். அவரிடம் சும்மா பேசிக்கொண்டிருக்கப் போகும், அவசரமென்றால் முனகலிடம் வரும். “அவரு வாயைப் பாக்காதீங்க, கையைப் பாருங்க” என்று வீட்டம்மா காபித் தம்ளரை நீட்டியபடி சொல்வார். “ஆமா, காபித்தூள் என்ன மரத்துலயா காய்க்குது?” என்று உள்ளேயிருந்து குரல் வரும். காய்ப்பது செடியில்தான், அதுவும் அவர் தோட்டத்துச் செடியில்.

பலாப்பழத்தை மறுநாளே மறந்துவிடுவார். சாக்கை மறக்கமாட்டார். கல்யாண வீட்டில் பார்த்தாலும் கேட்பார், சாவு வீட்டில் பார்த்தாலும் கேட்பார். ரோஷப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் உண்டு. “இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வரணுமா?” என்று கடிந்துகொள்வார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், முனகிக்கொண்டே அதே சாக்கில் ஓர் அன்னாசிக் குவியலைப் போட்டுக் கட்டுவார்.