டெலீட் பண்ணினால் போய்விடுமா?

ஆங்கிலத்தில் ஏ, பி, சி, டி-யோடு நின்றுவிட்ட எங்கள் அத்தை, டெலீட் என்ற வினைச்சொல்லை மட்டும் சரளமாகக் கையாளுவார். போன் படங்களில் தொடங்கிய பழக்கம், இப்போது வீட்டு நிர்வாகம் முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் நாற்பது பவுன் என்று வாய் திறந்ததும், "அந்த வரனை டெலீட் பண்ணியாச்சு" என்றார். ஜாதகமோ பீரோவில் பத்திரமாக இருக்கிறது.

"பின்னே எதுக்கு அத்தை வச்சிருக்கீங்க?"

"இருக்கட்டும்டா. அவங்க இறங்கி வந்தா?"

கணினியின் பூர்வோத்தரத்தைக் கிளறிப் பார்த்தால் அத்தை சொல்வதுதான் சரி. டெலீட் லத்தீனிலிருந்து வந்த சொல். துடைத்து அழிப்பது என்று பொருள். எந்த இயந்திரமும் அந்தப் பொருளுக்குக் கட்டுப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் காலத்தில் காகித நாடாவில் ஓட்டை போட்டுத்தான் எழுத்துகளைப் பதிவார்கள். தப்பாகப் போட்ட ஓட்டையை அடைக்க வழியில்லை. அதனால் அந்த வரிசையில் மிச்சமிருந்த இடங்களிலும் ஓட்டை போட்டுவிட்டார்கள்! வரிசையின் ஏழு இடத்திலும் ஓட்டை இருந்தால், 'இங்கே ஒன்றுமில்லை, தாண்டிப் போ' என்று இயந்திரம் புரிந்துகொள்ளும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி குறியீட்டில் டெலீட்டுக்கு 127-ஆம் எண் வாய்த்தது இதனால்தான். இரும எண் முறையில் ஏழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் 127. ஆக, தவறு அழியவில்லை. ஏழு மடங்கு ஆனபின் அதற்கு மரியாதையான பெயர் கிடைத்தது.

டாஸ் இயங்குதளத்தின் காலத்தில் இன்னும் நயம். ஒரு கோப்பை டெலீட் செய்தால், பட்டியலில் அதன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, இடம் காலி என்று குறித்துக்கொள்ளும். வேறொன்று வந்து மேலே உட்காரும்வரை கோப்பு அங்கேயே கிடக்கும். ரேஷன் கார்டில் பேரை வெட்டிவிட்டு, ஆளுக்கு வீட்டில் மூன்று வேளையும் சோறு போடுகிற மாதிரி.

1995-இல் விண்டோஸ் ஒரு குப்பைத்தொட்டியையே கொண்டுவந்து வைத்தது. வேண்டாம் என்றதெல்லாம் அதற்குள் போய், கூப்பிட்டால் வரத் தயாராக இருக்கும். ஐபோனில் அழித்த படத்துக்கு 30 நாள் வாய்தா. விலை உயர்ந்த போனிலும் உள்ளே இருப்பது அத்தையின் பீரோதான்.

வாட்ஸ்அப் 2017-இல் 'எல்லாருக்கும் டெலீட்' வசதியைத் தந்தபோது ஏழு நிமிடம்தான் அவகாசம். 2022-இல் அது இரண்டு நாளுக்கு மேல் நீண்டது. கோபத்தில் எழுதி, தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, நிதானமாக அழிக்கலாம். ஆனால் அழித்த இடத்தில் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று கல்வெட்டு நட்டுவிடுகிறார்களே!

அதுவரை குடும்பக் குழுவை எட்டிப் பார்க்காத மாமா உடனே போன் செய்வார். "என்னடா போட்டு அழிச்சே?"

"எழுத்துப் பிழை மாமா."

"பிழைக்கெல்லாம் வெட்கப்படுற ஆளா நீ?"

சாயங்காலத்துக்குள் எனக்கு வேலை போய்விட்டது என்று ஒரு கட்சி, பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு எழுதிப் பயந்துவிட்டேன் என்று இன்னொரு கட்சி.

ஒரு விஷயம் யார் கண்ணிலும் படக்கூடாது என்றால், தயவுசெய்து டெலீட் செய்யாதீர்கள். நாலு பத்தியாக விரித்து எழுதி, அதே குழுவில் போட்டு, அப்படியே விட்டுவிடுங்கள். ஒருத்தரும் படிக்க மாட்டார்கள்.