காட்டுக்கு வந்த கள்ள அரசன்

ரட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட 'தி ஜங்கிள் புக்' நூலில், கா என்னும் மலைப்பாம்பு குரங்குகளிடம் சிக்கிய மௌக்லி என்ற சிறுவனைச் சுவரை முட்டி உடைத்து மீட்கிறது. 1967இல் டிஸ்னி நிறுவனம் எடுத்த அசைவூட்டப் படத்தில், அதாவது வரைந்த ஓவியங்களை ஓடவிட்டு உயிரூட்டிய திரைப்படத்தில், அதே கா சிறுவனையே மயக்கி விழுங்கப் பார்க்கிறது. தலைவன் இல்லாத கூட்டமென்று நூல் ஏசிய குரங்குகளுக்குப் படம் லூயி என்ற ஒராங்குட்டானை அரசனாக்கிப் பாடவும் வைத்தது. போர்னியோ, சுமத்ரா காடுகளுக்கே உரிய அவ்விலங்கு கதை நடக்கும் மத்தியப் பிரதேசத்துச் சியோனி மலைக்கு எந்தக் கப்பலில் வந்திறங்கியதோ, பிள்ளைகளுக்குப் பிடித்த காட்சி அதுவே. இதுபோலக் கண்ணமங்கலத்துத் தறியில் பாவு எனும் நெடுக்கிழையையும் ஊடை எனும் குறுக்கிழையையும் மாற்றிவிட்டுப் பழைய பெயரிலேயே பட்டுச்சேலையை அனுப்பினால் கடைக்காரர் மறுநாளே திருப்பிவிடுவார். இங்கே திருப்பியனுப்பக் கிப்ளிங் இல்லை, 1936இலேயே காலமாகிவிட்டார்.