எரிமலை இல்லாத குறை

கொட்டாஞ்சேனைப் பொடியன்கள் சிலருக்கு இப்போது கிரவல் சைக்கிள் காய்ச்சல். அகன்ற டயர், வளைந்த ஹேண்டில், காட்டு மலை, எரிமலைச் சரிவு என்று வீடியோ பார்த்துப் பார்த்து ஏறிய சூடு. விலையைக் கேட்டால் தகப்பன்மாருக்கும் சூடு ஏறும்.

இலங்கையில் எரிமலை கிடையாது. குறையைத் தீர்க்க மலையகத்தில் ‘பீக்கோ ட்ரெயில்’ இருக்கிறது: ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். பெரும்பாலும் வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டப் பாதைகள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துச் சுமையோடு அவற்றில் ஏறி இறங்கியவர்களுக்குச் சாகச வீரர் என்று யாரும் பதக்கம் குத்தவில்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் போட்டார்கள், அவ்வளவுதான்.

இங்கே கடையில் நிற்கும் ஹட்டன் தம்பியைப் பொடியன்கள் வழிகாட்டியாகக் கூப்பிட்டார்களாம். “அந்த ரோட்டில நடக்கேலாமத்தானே அண்ணே கொழும்புக்கு வந்தேன்” என்றானாம்.

மலைக்குப் போகுமுன் பயிற்சி தேவையென்றால், பள்ளிக்கூட நேரத்தில் ஆமர் வீதிச் சந்தியைச் சைக்கிளில் கடந்து பாருங்கள். எரிமலையெல்லாம் சப்பென்று இருக்கும்.