சிறகு முளைத்த பல்லி

கே: அமெரிக்காவில் ஆளுங்கட்சியே தனக்கு வசதியாகத் தொகுதி எல்லையை மாற்றிக்கொள்ளுமாமே, நிஜமா? (தேனி வாசகர்)

ப: நிஜம்தான். ஒளிவுமறைவுகூடக் கிடையாது. பெரும்பாலான மாநிலங்களில் பிரதிநிதிகள் சபைத் தொகுதிகளை வரைவது மாநிலச் சட்டமன்றம். பரீட்சை எழுதுகிறவரே கேள்வித்தாளும் தயார் செய்கிற ஏற்பாடு. 2016-ல் வட கரோலினாவில் டேவிட் லூயிஸ் என்ற குடியரசுக் கட்சிக்காரர் குழுக் கூட்டத்திலேயே சொன்னார்: மொத்தம் 13 தொகுதியில் 10 நமக்கு, 3 அவர்களுக்கு என்று வரைவோம், 11-2 என்று வரைய வழி இருப்பதாகத் தெரியவில்லை. என்ன ஒரு தன்னடக்கம்! அந்த வருஷத் தேர்தல் முடிவும் அச்சு அசல் 10-3. அந்தக் கட்சி வாங்கிய ஓட்டு நூற்றுக்குச் சுமார் 53.

கே: ஓட்டுப் போடுவது ஜனங்கள். கோடு போட்டு எப்படி ஜெயிக்க முடியும்? (விருதுநகர் வாசகர்)

ப: போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி இதே கேள்வியைக் கேட்டாள். கூடத்துத் தரையில் 9 புளியங்கொட்டை, 6 சோழி வைத்தேன். தொகுதிக்கு ஐந்து பேர், மொத்தம் மூன்று தொகுதி. முதல் தொகுதியில் ஐந்தும் புளியங்கொட்டையாகவே அடைத்தேன். மிச்சம் நாலு கொட்டையை இரண்டு இரண்டாக உடைத்து, ஒவ்வொரு ஜோடியோடும் மூன்று சோழி சேர்த்தேன். எண்ணிப் பாருங்கள்: ஆறே ஆறு சோழிக்கு இரண்டு தொகுதி, ஒன்பது கொட்டைக்கு ஒன்று. ஓரிடத்தில் அடைப்பது, மற்ற இடத்தில் உடைப்பது. வித்தை அவ்வளவுதான்.

“போங்கு தாத்தா!” என்று கத்தினாள். கத்திவிட்டு, “இப்ப நான் கோடு போடறேன்” என்று சாக்பீஸைப் பிடுங்கினாள். தொகுதிக்கு மூன்று கொட்டை, இரண்டு சோழி. முடிவு 3-0. நூற்றுக்கு நாற்பது இருந்த சோழிக்குப் பூஜ்யம். வயசு ஒன்பது.

கே: இந்த வித்தையைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார்? (காரைக்குடி வாசகர்)

ப: எல்ப்ரிட்ஜ் கெர்ரி தலையில் கட்டிவிட்டார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர். மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்தபோது, 1812-ல் மாநில செனட் தொகுதிகளை மாற்றும் மசோதாவிலும் கையெழுத்துப் போட்டார். அதில் எஸ்ஸெக்ஸ் பகுதியில் ஒரு தொகுதி வளைந்து நெளிந்து கிடந்தது. பாஸ்டன் கெஜட் பத்திரிகை அதற்கு நகமும் சிறகும் வரைந்து கார்ட்டூன் போட்டது. பல்லி ஜாடையில் இருக்கும் சாலமாண்டர் என்ற பிராணியையும் ஆளுநர் பெயரையும் ஒட்டி ‘ஜெரிமாண்டர்’ என்று நாமகரணமும் நடந்தது. அந்தத் தேர்தலில் அவர் கட்சிக்கு செனட்டில் 40-க்கு 29 இடம். ஆளுநர் தேர்தலில் கெர்ரியோ தோற்றார். மாநிலம் முழுக்க ஒரே தொகுதியாயிற்றே, அதை எங்கே வளைப்பது?

கே: நீதிமன்றம் சும்மாவா இருக்கிறது? (ஈரோடு வாசகர்)

ப: வட கரோலினாவின் அந்த 10-3 வரைபடம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019-ல் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு: கட்சி லாபத்துக்காகக் கோடு போட்டதை அளக்க மத்திய நீதிமன்றங்களிடம் அளவுகோல் இல்லையாம். இது நியாயம் என்று நீதிபதிகளே சொல்லவில்லை. எங்கள் வேலை இல்லை என்றார்கள். அந்த வரைபடத்தில் வெட்டு எங்கே விழுந்தது தெரியுமா? கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் பெருவாரியாகப் படிக்கும் ஒரு பழைய பல்கலைக்கழகம். அதன் வளாகத்துக்குள் ஓடும் லாரல் தெருதான் அப்போது எல்லை. விடுதியிலிருந்து கிளம்பி வகுப்புக்குத் தெருவைத் தாண்டினால் எம்.பி. மாறிவிடுவார். ஒரே இடத்தில் திரண்டிருந்த மாணவர் ஓட்டு, இரண்டு தொகுதியிலும் கரைந்த உப்பு.

கே: 2025-ல் டெக்சாஸில் எம்.எல்.ஏ.க்கள் ஊரைவிட்டு ஓடினார்களே, எதற்கு? (சேலம் வாசகர்)

ப: பிரதிநிதிகள் சபையில் 2024 தேர்தல் முடிவு 220-215. குடியரசுக் கட்சிக்கு நூலிழைப் பெரும்பான்மை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்து எல்லை வரைவதுதான் வழக்கம். அதுவரை பொறுக்காமல், டெக்சாஸில் இன்னும் ஐந்து இடம் வேண்டும் என்று டிரம்ப் வெளிப்படையாகவே கேட்டார். அங்கே 38-ல் 25 ஏற்கெனவே அவர் கட்சியிடம். 150 பேர் அவையில் 100 பேர் இருந்தால்தான் கூட்டம் நடக்கும். அதனால் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் ஐம்பது பேருக்கு மேல் மாநிலத்தை விட்டுக் கிளம்பினார்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தார்கள். திரும்பி வந்ததும் புது எல்லைக்கான மசோதா நிறைவேறியது.

பலர் தஞ்சம் புகுந்த இடத்தையும் சொல்ல வேண்டும்: இல்லினாய். அது அவர்கள் கட்சியே கோணல் கோடு போட்டு 17-க்கு 14 எடுத்துவைத்திருக்கும் மாநிலம்.

கே: பதிலுக்கு கலிபோர்னியா செய்தது சரிதானே? அடிக்கு அடி! (மதுரை வாசகர்)

ப: மதுரைக்காரர் அப்படித்தான் கேட்பார். ஒரு வித்தியாசத்தை ஒப்புக்கொள்கிறேன். டெக்சாஸில் சட்டமன்றமே முடித்துக்கொண்டது. கலிபோர்னியா, ஜனநாயகக் கட்சிக்கு வசதியான புது வரைபடத்தை 2025 நவம்பரில் மக்களிடம் ஓட்டுக்கு விட்டது. நூற்றுக்கு 64 பேர் சரி என்றார்கள். 2030 வரைதான் என்று கெடுவும் வைத்தார்கள். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். ஓரிகன் எல்லையோரம் மோடோக்கில் மாடு வளர்க்கிறவரையும், கோல்டன் கேட் பாலத்துக்கு அக்கரையில் மரினில் இருக்கும் பணக்காரரையும் ஒரே தொகுதியில் கட்டியிருக்கிறார்கள். டெக்சாஸ்காரர் செய்த தப்புக்கு மோடோக்காரர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? எதிரியின் பந்தியில் நமக்குச் சோறு குறைந்தால் அடுத்த வீட்டுக்காரர் இலையிலிருந்தா எடுப்பது? இவ்வளவுக்கும், அரசியல்வாதிகள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கித் தனி ஆணையத்திடம் கொடுத்தவர்கள் அதே கலிபோர்னிய மக்கள்தான், 2008-லும் 2010-லும். எனக்கு இது சரியாகப் படவில்லை. கோபம் வராத அளவுக்கு நான் துறவியும் இல்லை.

கே: நம் நாட்டுத் தொகுதி மறுவரையறைச் சண்டையும் இதேதானா? (திருச்சி வாசகர்)

ப: இல்லை. நம் கவலை, எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்பது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்தவனுக்கு இலையில் பாதி அப்பளமா என்பது. அங்கே எண்ணிக்கை தீர்மானமான பிறகு, மாநிலத்துக்குள் கோடு எங்கே ஓடும் என்று சண்டை. இங்கே ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் என்பது வழக்கம். அதிலும் புகார் உண்டு, ஜம்முவிலும் காஷ்மீரிலும் கேட்டுப்பாருங்கள்.

கே: இப்படிக் கோடு போட்டவர்கள் எப்போதும் ஜெயிப்பார்களா? (நாகர்கோவில் வாசகர்)

ப: என் சோழிகளை மறுபடி பாருங்கள். இரண்டு வெற்றியும் 3-2. தொகுதிக்கு ஒரு சோழி மனம் மாறினால் கட்சி காலி. பேராசையோடு வரைந்தால் ஓரம் மெலிந்துவிடும்.

கே: சொந்தக் கட்சிக்கே வேண்டாம் என்று சொன்ன ஆள் யாராவது உண்டா? (புதுச்சேரி வாசகர்)

ப: உண்டு, 21 பேர். இண்டியானாவின் 9 இடங்களில் 7 குடியரசுக் கட்சியிடம் இருந்தது. ஒன்பதையும் எடுக்கலாம் என்று வரைபடம் தயார். மாநில செனட்டில் 50-க்கு 40 பேர் அவர்கள் ஆட்கள். வெள்ளை மாளிகையிலிருந்து நெருக்கடி வேறு. 2025 டிசம்பரில் ஓட்டெடுத்தால் 19-31, மசோதா படுத்துவிட்டது. எதிர்த்த 31 பேரில் 21 பேர் சொந்தக் கட்சிக்காரர்கள். அந்த வாரம் நான் படித்த செய்திகளில் இரண்டு தடவை படித்தது இது ஒன்றுதான்.

கே: கெர்ரியா, ஜெர்ரியா? இரண்டு விதமாகவும் எழுதுகிறீர்களே! (தஞ்சாவூர் வாசகர்)

ப: மனிதர் பெயர் கெர்ரிதான். வித்தையைத்தான் இன்று எல்லோரும் ஜெரிமாண்டர் என்கிறார்கள். அவர் பெயரையும் இழுத்து வளைத்துவிட்டார்கள், பாவம்.